அவளுக்குத் தெரிந்தது வண்டியைத்தான்

என்னிடம் இரண்டு லாரிகள் இருந்தன. இரண்டும் இங்கிலாந்தில் செய்த டிப்பர்கள். நான் பிறப்பதற்கு முன்பே கப்பலேறி வந்தவை. பச்சை ஓடும், நீலம் ஓடாது. பச்சையில் எது உடைந்தாலும் நீலத்திலிருந்து கழற்றி மாட்டுவேன். "ஒண்ணு ஓட, ஒண்ணு உரிக்க" என்று என் மனைவி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். மண்ணூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நீலம் இன்னமும் நிற்கிறது. அதன் டிரைவர் சீட்டில் கோழி முட்டையிடுகிறது, பாடியில் மிளகாய் காய்கிறது. செய்த வெள்ளைக்காரன் வந்து பார்த்தால் நெஞ்சு வெடித்தே போய்விடுவான்.

பச்சையை ஏன் இத்தனை காலம் கட்டிக்கொண்டு அழுதாய் என்று கேட்காதவர்கள் கிடையாது. பழைய பொருள் மேல் ஆசை என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அப்படி ஒரு ஆசையும் இல்லை. பவர் ஸ்டியரிங், ஏ.சி. கேபின் எல்லாம் கொடுத்தால் நானும் காலை நீட்டிக்கொண்டு ஓட்டுகிறவன்தான். விஷயம் வேறு. ஒரு பெண்ணுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருந்தது. அவள் முகத்தை நான் பார்த்திருக்கவில்லை, பேர் தெரியாது, ஊர் தெரியாது. அவளுக்கும் என் பேரோ ஊரோ தெரியாது. அவள் நன்றாகப் பார்த்தது என் லாரியை மட்டும்தான். அதை விற்றுவிட்டால் எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த ஒரே அடையாளமும் போய்விடும். அதனால்தான் விற்கவில்லை.

முதலில் வண்டி எப்படி என்னிடம் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல் குவாரி வைத்திருந்த ஒரு முதலாளியிடம் டிரைவராக இருந்தேன். இந்த இரண்டு டிப்பரையும் அங்கே யாரும் தொடமாட்டார்கள். காரணம் கியர். கிளட்சை ஒரு முறை மிதித்தால் விழாது. மிதித்து, விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மிதித்து, இன்ஜின் சத்தம் ஒத்துவரும் அந்த நொடியில் தள்ள வேண்டும். நேரம் தவறினால் பற்கள் நறநறக்கும், குவாரியே திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். புதிதாகக் கல்யாணம் ஆனவன் மாமனார் வீட்டில் பேசுகிற மாதிரி, சமயம் பார்த்துத்தான் அதனிடம் எதையும் கேட்க முடியும். எனக்கு அது பழகிவிட்டது. மீட்டர் மைல் கணக்கில் ஓடும். அசல் இன்ஜின் பெட்ரோலைக் குடித்துத் தள்ளியதால் யாரோ எப்போதோ நம்மூர் டீசல் இன்ஜினை உள்ளே வைத்திருந்தார்கள். உடம்பு அங்கே, வயிறு இங்கே. மற்றபடி அந்த மூக்கு நீண்ட முகமும், உருண்டை உருண்டையான இரண்டு விளக்கும், ஆள் உயரத்துக்கு நிற்கும் மட்கார்டும் அப்படியே இருந்தன. தூரத்தில் வரும்போதே பிள்ளைகள் கையாட்டுவார்கள்.

முதலாளி புது வண்டிகள் எடுத்தபோது பழசு இரண்டையும் காயலான் கடைக்குத் தள்ளாமல் என்னைக் கூப்பிட்டார். "நீயே வெச்சிக்கோ. உன்ன வுட்டா அதுங்களுக்கு யாரு கீறாங்க?" என்றார். அவர் இப்போது இல்லை. அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவன்.

அப்புறம் நடந்ததெல்லாம் மண் கதை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் கம்பெனிகள் முளைக்க முளைக்க, பள்ளமான நிலத்தையெல்லாம் சவுடு மண் அடித்து மேடாக்க வேண்டியிருந்தது. கார் செய்கிற இடம், கண்ணாடி செய்கிற இடம், செல்போன் செய்கிற இடம் என்று இந்த ரோட்டில் எத்தனையோ கட்டிடங்களுக்கு அடியில் என் பச்சை கொட்டின மண் கிடக்கிறது. உள்ளே போக எனக்குப் பாஸ் கிடையாது. ஆனால் அஸ்திவாரத்துக்கும் கீழே முதலில் போனவன் நான்தான். இதை என் பெண்களிடம் சொன்னால், "ஆரம்பிச்சிட்டாரு" என்பார்கள். அந்த மண்ணில்தான் அவர்கள் இருவரும் படித்து வேலைக்குப் போனார்கள்.

டிப்பர் ஓட்டாதவர்களுக்கு இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். லீவரைத் தூக்கினால் அடியில் இருக்கும் ஜாக்கி பாடியை மேலே தூக்கும், பின் கதவு திறந்து மண் சரியும். லீவரை இறக்கினால் பாடி தன் கனத்திலேயே மெல்லக் கீழே வரும். புது வண்டிகளில் பாடி மேலே நின்றால் கேபினுக்குள் பீப் பீப் என்று கத்தும். என் வண்டியில் கத்துவதற்கு நான் ஒருவன்தான். பாடி வந்து சேசிஸ் மேல் உட்காரும்போது சீட்டுக்கு அடியில் தொம் என்று ஒரு குலுக்கல் வரும். அதுதான் எங்களுக்குத் தகவல். அது வரும்வரை ஓரிடத்தில் நிற்கிற பொறுமை எந்த டிரைவருக்கும் கிடையாது. பாடி இறங்கிக்கொண்டிருக்கும்போதே வண்டியை உருட்டிவிடுவோம். அடுத்த நடைக்கு வரிசையில் இடம் பிடிக்க வேண்டுமே. ரோட்டுக்கு வருவதற்குள் தொம் என்று உட்கார்ந்துவிடும், அப்படியே ஏறிப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் வருடக்கணக்காக ஓட்டினேன்.

அன்றைக்கு மண்ணூர் தாண்டி ஒரு புது மனையில் மண் அடித்தோம். எதிரே ஒரு டீக்கடை. பக்கத்துத் தெருவில் இருந்த ஹாஸ்டல் பெண்கள் அந்த டீக்கடை முன்னால்தான் இரண்டாவது ஷிப்டு பஸ்ஸுக்கு நிற்பார்கள். எல்லாரும் தெற்கேயிருந்து வந்த பிள்ளைகள். சாம்பல் நிற கம்பெனி கோட்டு, கழுத்தில் அட்டை, புழுதிக்குப் பயந்து துப்பட்டாவைக் கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். பத்துப் பேர் நின்றாலும் ஒரே ஆளைப் பத்து முறை பார்த்த மாதிரி இருக்கும்.

மதியம் ஒன்றரை இருக்கும். வீட்டில் வவ்வால் மீன் குழம்பு. காலையிலேயே மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். மண்ணைக் கொட்டினேன், லீவரைத் தட்டிவிட்டேன், வண்டியை உருட்டினேன். மனசு சட்டிக்குள் இருந்தது. வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கியபோது பின்னால் தொம் என்று கேட்டது. பாடி உட்கார்ந்துவிட்டது என்று நினைத்து ரோட்டில் ஏறினேன். உட்கார்ந்தது பாடி இல்லை. தொங்கிக்கொண்டிருந்த பின் கதவு ஆடி அடித்த சத்தம் அது. லீவர் பாதியில் நின்றிருக்கிறது, பாடி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது, நான் ராஜா மாதிரி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பக்கத்துக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

ரோட்டோரம் போன பெரிய கரண்டு கம்பியில் பாடி போய் மாட்டியது. பட்டாசுக் கடையில் தீ விழுந்த மாதிரி ஒரு சத்தம். கேபினுக்குள் நீலமாக வெளிச்சம் அடித்தது. பிரேக்கை மிதித்தேன், இன்ஜின் நின்றது. கம்பி அறுந்து பாடி மேல் கிடந்தது, பின் டயரிலிருந்து கருகல் நாற்றம் வந்தது. அப்புறம் ஒரேயடியாக அமைதி. டீக்கடையில் சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் மெல்ல நிற்பது எனக்குத் தெரிந்தது.

கரண்டு போய்விட்டது, தப்பித்தோம் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் நினைப்பார்கள். கதவைத் திறந்து ஒரு காலைப் படியில் வைத்தேன். இன்னொரு காலைத் தரைக்கு நீட்டினேன்.

"எறங்காதிய! அண்ணாச்சி, எறங்காதிய! காலை மேல இழுங்க!"

டீக்கடைப் பக்கமிருந்து, முகத்தைத் துப்பட்டாவால் கட்டிய ஒரு பெண் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்து, இருபது அடி தள்ளி நின்றாள். பின்னால் வந்தவர்களையும் கையாலேயே தடுத்தாள்.

"கரண்டு போச்சிம்மா!" என்றேன்.

"போவும், திரும்ப வரும்! உள்ள போங்கன்னா போங்க!"

நான் பொதுவாக யார் சொல்லையும் கேட்கிற ஆள் இல்லை. என் மனைவியைக் கேட்டால் பட்டியலே போடுவாள். என் பெண் வயதுகூட இருக்காத ஒருத்தி அதட்டினால் பதிலுக்கு நாலு அதட்டு அதட்டுகிறவன்தான். அன்றைக்கு என்னவோ வாயைத் திறக்காமல் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். சீட்டில் உட்கார்ந்தேன்.

கரண்டு திரும்ப வந்தது. கம்பி ஏதோ மரத்தில் உரசியிருக்கும் என்று நினைத்து ஈ.பி. ஆபீஸில் மறுபடி லைனைப் போட்டுப் பார்ப்பார்கள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வண்டியைச் சுற்றிப் பொறி பறந்தது. பின் டயர் ஒன்று வெடித்தது. நான் கால் வைக்கப் போன இடத்துக்குப் பக்கத்தில் இருந்த காய்ந்த புல் எரிந்ததை மேலிருந்து பார்த்தேன். இன்றைக்கும் குளிக்கும்போது சில நாள் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன்.

அதன் பிறகு முக்கால் மணி நேரம் நான் அந்தக் கேபினில் உட்கார்ந்திருந்தேன். டீக்கடைக்காரரை ஈ.பி. ஆபீஸுக்குப் போன் போட வைத்ததும் அவள்தான். "கைய மடியில வெச்சிக்கிடுங்க. கதவத் தொடாதிய" என்றாள். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனித்திருக்க வேண்டும். பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தாள்.

"சாப்ட்டியளா?"

"இல்லம்மா. வூட்ல மீன் கொழம்பு கீது. அந்த நெனப்புலதான் இந்த வேலையே ஆச்சி."

"என்ன மீனு?"

"வவ்வாலு."

"எங்க ஊர்ல சாளதான். நாலு நாளு வெச்சித் திம்போம். உங்க கொழம்பு எங்கயும் போயிராது, பேசாம உக்காருங்க."

செத்துப்போக இருந்தவன் மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு எத்தனை பிள்ளைகள், என்ன படித்தார்கள், இந்த வண்டி எந்த ஊர் வண்டி, ஏன் இதற்கு இவ்வளவு பெரிய மூக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் கம்பெனி பஸ் வந்தது. தோழிகள் ஜன்னலிலிருந்து கூப்பிட்டார்கள், டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் திரும்பியே பார்க்கவில்லை. பஸ் போய்விட்டது. காண்டிராக்ட் பிள்ளைகளுக்கு ஷிப்டு பஸ்ஸை விட்டால் என்ன ஆகும் என்று இந்த ரோட்டில் எல்லாருக்கும் தெரியும். கம்பெனியில் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது தாமதமாகப் போய் நின்றால் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்பார். "நீ போம்மா, நான் எறங்க மாட்டேன்" என்றேன். "நீங்க எறங்கிருவிய" என்றாள். உண்மைதான். அவள் போயிருந்தால் நான் எப்படியும் இறங்கியிருப்பேன்.

லைன்மேன்கள் வந்து, லைனை நிறுத்தி, கம்பியை எர்த் செய்து, எனக்குக் கையைக் காட்டினார்கள். இறங்கினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ முகத்தில் தண்ணீர் அடித்தார்கள், லைன்மேன் திட்டினார், டீக்கடைக்காரர் சோடா கொடுத்தார். எல்லாம் அடங்கி நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது அவள் இல்லை. "ஷேர் ஆட்டோல ஏறி கம்பெனிக்குப் பூட்டா" என்றார் டீக்கடைக்காரர். ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் மீன் குழம்பைச் சாப்பிட்டேன். பாதியில் அழுதுவிட்டேன். என் மனைவி என் தட்டை நகர்த்திவிட்டு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

எழுதிக் கொடுக்க வேண்டியதை எழுதிக் கொடுத்து, வாங்க வேண்டிய திட்டையெல்லாம் வாங்கி, நீலத்தின் பின் டயர்களைக் கழற்றிப் பச்சைக்கு மாட்டி, பத்தே நாளில் அந்த டீக்கடை முன்னால் போய் நின்றேன். மதியம் ஒரு மணிக்கு வண்டியை ஓரம் கட்டுவேன், பஸ் வரும் வரை பெண்களைப் பார்ப்பேன். எல்லாரும் முகத்தைக் கட்டியிருப்பார்கள். ஒவ்வொருத்தியின் கண்ணையும் உற்றுப் பார்ப்பேன். அறுபதை நெருங்கும் ஆம்பிளை தினமும் ஹாஸ்டல் பெண்களை உற்றுப் பார்த்தால் ஊர் என்ன சொல்லும்? நாலாம் நாள் ஹாஸ்டல் வாட்ச்மேன் வந்து வண்டிக் கதவைத் தட்டினார். "பெரியவரே, இன்னா மேட்டரு? டெய்லி வந்து நிக்கிறியாமே?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் குளித்து, பூ வைத்துக்கொண்டு, "நட, நானே வரேன்" என்று கேபினில் ஏறி உட்கார்ந்தாள். அதன் பிறகு கேள்வி கேட்கிற வேலை அவளுடையது. "ஏம்மா, கம்பி அறுந்த அன்னிக்கி இவருகிட்ட பேசிக்கினு நின்ன பொண்ணு யாருன்னு தெரியுமா?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். டீக்கடைக்காரருக்கும் அவள் பேர் தெரியவில்லை, அன்று பஸ்ஸிலிருந்து கூப்பிட்ட தோழிகளும் வேறு ஷிப்டுக்கு மாறியிருக்க வேண்டும். அவள் எந்தக் கம்பெனி, எந்த லைன் என்று பதில் கேள்வி கேட்பார்கள். இரண்டு மாதத்தில் அந்த ஹாஸ்டலே மாறிவிட்டது. பழைய பிள்ளைகளுக்குக் காண்டிராக்ட் முடிந்து சிலர் ஊருக்குப் போனார்கள், சிலர் வேறு கம்பெனிக்குப் போனார்கள், புதுப் பிள்ளைகள் வந்தார்கள். கம்பி அறுந்த கதை அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

நான் சோர்ந்துபோய்விட்டேன். அப்போதுதான் என் மனைவி அதைச் சொன்னாள். "நீ அவளத் தேடி இன்னா ஆவப் போவுது? உனக்குத்தான் அவ மூஞ்சியே தெரியாதே. உன் மூஞ்சியும் அவளுக்கு ஞாபகம் இருக்காது, இருக்கிற மாதிரி மூஞ்சியா அது? வண்டியத்தான் பாத்திருப்பா. வண்டிய இந்த ரோட்ல ஓட்டிக்கினே இரு. என்னிக்காவது அவளே வருவா." எனக்குப் பெண் பார்த்துக் கட்டி வைத்தவர்களுக்கு அன்று மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அப்படித்தான் ஏழு வருடம் ஓட்டினேன். ஒவ்வொரு முறை மண் கொட்டினதும் கேபினிலிருந்து இறங்கி, பின்னால் நடந்து போய், பாடி உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். மற்ற டிரைவர்கள், "அவரு சாமிய சுத்திட்டு வருவாரு, அப்புறமாத்தான் வண்டி கெளம்பும்" என்று கிண்டல் செய்வார்கள். கிண்டல் செய்தவர்களில் இரண்டு பேர் பிறகு இறங்கிப் பார்க்க ஆரம்பித்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

எஃப்.சி. காட்டப் போகும் ஒவ்வொரு வருடமும் எனக்குப் பரீட்சைதான். வண்டியைப் பார்த்ததும் ஆபீஸர்கள் முதலில் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், அப்புறம் குறை சொல்வார்கள். நீலத்திலிருந்து ரேடியேட்டர் போனது, ஸ்டியரிங் பாக்ஸ் போனது, கடைசியில் ஒரு கதவும் போனது. பச்சை லாரிக்கு நீலக் கதவு. பெயிண்ட் அடிக்கலாம் என்றார்கள். நான் மறுத்துவிட்டேன், நிறத்தை மாற்றினால் அவளுக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டால்? என் மனைவி இதற்கும் சிரித்தாள். ஆனால் பெயிண்டை மட்டும் வாங்க விடவில்லை.

பெங்களூர் ரோட்டில் ஓட்டல் நடத்தும் ஒருவர் மூன்று முறை வந்து கேட்டார். வாசலில் நிறுத்தி விளக்குப் போட்டால் வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். மூன்று முறையும் டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். நாலாவது முறை வந்தபோது மறுக்க முடியவில்லை. என் இடது முட்டி தேய்ந்துவிட்டது. கிளட்சை மிதித்தாலே வலி உயிர் போகும். அந்த வண்டியிலோ ஒவ்வொரு கியருக்கும் இரண்டு மிதி. இனிமேல் மிதித்தால் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு யாருக்கும் அந்தக் கியர் விழாது. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.  அந்தப் பெண்ணுக்கு நான் துரோகம் செய்கிற மாதிரி இருந்தது. ஓட்டல் வாசலில் பூந்தொட்டிக்கு நடுவில் நிற்கும் லாரியை யார் நிஜம் என்று நினைப்பார்கள்?

செவ்வாய்க்கிழமை என் மனைவி, "குன்றத்தூர் முருகனுக்கு ஒரு வாட்டி காட்டிட்டு வந்துருவோம்" என்றாள். கடைசி சவாரி. முட்டியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு கிளம்பினேன். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்க ஆரம்பித்தாள். நான் இறங்கிக் கோயில் படியில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்கூட்டி எங்களைத் தாண்டிப் போய், சட்டென்று நின்று, திரும்பி வந்தது. ஹெல்மெட் போட்ட ஒரு பெண். முன்னால் நின்றுகொண்டு நாலு வயசுக் குழந்தை ஒன்று. வண்டியின் மூக்கைப் பார்த்தாள், நீலக் கதவைப் பார்த்தாள், மறுபடி மூக்கைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி?" என்றாள்.

முகம் எனக்குத் தெரியாது. குரல் தெரியும். ஏழு வருடம் காதில் வைத்திருந்த குரல். எழுந்திருக்கப் பார்த்தேன், முட்டி விடவில்லை. "இவளேதான்" என்று மனைவியிடம் சொன்னேனா, சொல்லவே இல்லையா என்று தெரியவில்லை. அவள் அதற்குள் எலுமிச்சம்பழத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டாள். ஹெல்மெட்டைக் கூட அவள் கழற்றியிருக்கவில்லை. பிறகு கழற்றினாள். சாதாரணமான, வட்டமான, கொஞ்சம் வேர்த்திருந்த முகம். அவ்வளவு காலம் நான் தேடிய முகம்.

கம்பெனி மாறி ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறாளாம். இங்கேயே ஒரு பையனைக் கட்டிக்கொண்டு ஐந்து வருடமாகக் குன்றத்தூரில்தான் குடியிருக்கிறாள். நான் மண்ணூரில் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருக்க, அம்மணி இங்கே அரை மணி தூரத்தில் குடும்பம் நடத்தியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"ஏம்மா, அன்னிக்கு சொல்லாம கொள்ளாம ஓடிட்டியே" என்றேன். அவளுக்கென்று எத்தனையோ வாக்கியங்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வந்தது இது ஒன்றுதான். "நீ இல்லைன்னா நானு..." என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

"நான்தான் உங்களத் தேடணும்னு நெனச்சிட்டே இருந்தேன், அண்ணாச்சி" என்றாள். "ஒரு தடவ அந்த டீக்கடைக்கு வந்தேன். கடையே இல்ல."

"நீ எதுக்கும்மா என்னத் தேடணும்?"

குழந்தையை என் மனைவி வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டியைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள்.

"எங்கப்பா டிராக்டர் ஓட்டுனாக. வைக்கோல் பாரம். எங்க தெருவுல கம்பி தாழ்வா போவும். பாரம் பட்டு அறுந்து விழுந்திச்சி. கரண்டு போயிட்டுன்னு எல்லாரும் சொன்னாக. அப்பாவும் எறங்குனாக. அப்பதான் திரும்ப வந்திச்சி." கையிலிருந்த ஹெல்மெட்டைப் படியில் வைத்தாள். "நான் பக்கத்துலதான் நின்னேன். எட்டு வயசு. எறங்காதியன்னு சொல்லணும்னு எனக்குத் தெரியல."

என் மனைவி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.  உனக்கு எட்டு வயசும்மா, நீ என்ன செய்வே என்று ஏதோ முணுமுணுத்தேன். அதை எத்தனையோ பேர் அவளிடம் சொல்லியிருப்பார்கள்.

"எல்லாரும் அதத்தான் சொல்லுவாக" என்றாள். "ஆனா தூங்கப் போனா அதே கனவுதான் வரும். கனவுல நான் கத்துவேன், அப்பா கேக்காம எறங்கிருவாக. நீங்க காலை நீட்டுனிய பாருங்க, அதே மாதிரிதான். அன்னைக்கு நான் கத்துனேன். நீங்க காலை உள்ள இழுத்துக்கிட்டிய."

கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்கப்புறம் அந்தக் கனவு வரல, அண்ணாச்சி. நான் சொன்னத நீங்க கேட்டியளே, அதுக்கு நன்றி சொல்லணும்னுதான் தேடுனேன்."